படிக்காமல் பையில் வைத்த சீட்டு

லாத்தா,

ஒயர் கூடைக்கு வாசனை உண்டா? உண்டென்று யாராவது சொல்லியிருந்தால் நானே கேலி பேசியிருப்பேன். ஆனால் நான்கு நாட்களாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் இந்த நீலமும் வெள்ளையுமான கூடையில் முகத்தை வைத்தால் கிராம்பு மணக்கிறது. பாடுகிறவர்களின் தொண்டைக்கென்று நீங்கள் காகிதத்தில் மடித்து அனுப்பிய கிராம்பு. கைப்பிடியில் மஞ்சள் நைலான் கயிற்றால் நீங்கள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. அடியில் ஒரு பென்சில் துண்டு. "கழுவி வெயில்ல வச்சா வெங்காயம் போட்டுக்கலாம்" என்றாள் என் மனைவி. நான் பார்த்த பார்வையில் வெங்காயத்தைத் தரையிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கூடையைக் கொண்டுவந்தது உங்கள் தங்கை மகன். ரியாத்திலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கிறான். பங்களாவின் ஓட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஆள் வைத்துப் பிரித்துப் போடுகிறான். நீங்கள் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த மேல்மாடி அறையை அதற்காகத் திறந்திருக்கிறான். "சன்னல் கொக்கியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு மாமா. பெரிம்மா கூடை. தூக்கிப்போட மனசு வரல. ஒங்களுக்குத்தான் சேரும்னு தோணுச்சு" என்று தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கே வண்டியில் வந்து கொடுத்தான். கிளம்பும்போது, "ஒரு தடவ மேல வந்து பாருங்க" என்றான். போனேன். அங்கே பார்த்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கொஞ்சம் சுற்றி வருகிறேன். என் பேச்சு நீளம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் வீட்டை ஊரில் யாரும் உங்கள் பெயரால் சொன்னதில்லை. கப்பல்காரர் பங்களா. உங்கள் மாமனாரின் பாட்டனார் காலத்தில் முகத்துவாரத்தின் வழியாகப் படகுகள் அரசலாற்றுக்குள் வந்து அந்தக் கல்படியில் சரக்கு ஏற்றினவாம். கப்பல் போய், சரக்கு போய், வீட்டு ஆண்கள் வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் போய், மிச்சம் இருந்தது ஆற்றை ஒட்டிய புல்வெளியும் பதினாறு தூண் தாழ்வாரமும் நீங்களும்தான். உங்கள் கணவர் இருந்தவரை வருஷத்துக்கு ஒரு கச்சேரி வைப்பார். அவர் மவுத்தான பிறகு அது நின்றுவிடும் என்று ஊர் நினைத்தது. நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தா இருந்து முடித்த கையோடு நீங்கள் கேட்டைத் திறந்து வைத்தீர்கள். "இம்மாம் பெரிய எடத்துல நான் ஒருத்தி மட்டும் காத்து வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று கேட்டதாக ஊரே சொல்லிச் சிரித்தது.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் நடக்காதது எது? தை பிறந்தால் கச்சேரி. நோன்பு மாதத்தில் கஞ்சி அண்டா. கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், பெண்களுக்குத் தையல் வகுப்பு. பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுப் படையில் இருந்த பென்ஷன்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போய்விட்டு உங்கள் புல்வெளியில் வந்துதான் காலாறினார்கள். எதற்கு அனுமதி வேண்டுமென்றாலும் "மேரியில போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு" என்பீர்கள். நகராட்சிக்கு எத்தனை பெயர்ப்பலகை மாற்றினாலும் உங்களுக்கு அது கடைசிவரை பிரெஞ்சுக்காரர் காலத்து மேரிதான்.

நான் அங்கே வந்து சேர்ந்தது தற்செயல். விழிதியூரில் பிறந்து, பொதுப்பணித் துறையில் எழுத்தர் வேலை கிடைத்துக் காரைக்காலுக்குக் குடிவந்தவன். ஒரு தை மாதம் கச்சேரி கேட்க வந்து கடைசி வரிசையில் நின்றேன். அறிவிப்பாளர் வரவில்லை என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலேயே போய் மைக்கைப் பிடித்தேன். எனக்கு என் குரல் மேல் ஒரு காதல் உண்டு, மறைப்பானேன். முடிந்ததும் கூப்பிட்டீர்கள். "வாங்க தம்பி. கொரலு நல்லாருக்கு. பேச்சுதான் நீளம்." எனக்குச் சுருக்கென்றது. அதே மூச்சில் "அடுத்த வருஷமும் வந்துடுங்க" என்றீர்கள்.

அடுத்த வருஷம்தான் அந்தப் பௌர்ணமிக் கூத்து. அப்போதெல்லாம் மேடை ஆற்றங்கரையில், கல்படியை ஒட்டிப் போடுவார்கள். பாடுகிறவர்கள் வீட்டைப் பார்த்து உட்காருவார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆறு. நிலா வெளிச்சத்தில் கச்சேரி வைத்தால் என்ன என்று நான்தான் ஆரம்பித்தேன். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பௌர்ணமியைக் குறித்தேன். நீங்கள் உங்கள் பிறைக் கணக்கைப் பார்த்து, "பதினாலாம் பெற. சரியாத்தான் இருக்கு" என்றீர்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போன சந்தோஷத்தில் ஊரெல்லாம் நோட்டீஸ் அடித்தாயிற்று. விழிதியூர்க்காரனுக்கு மேலேயிருந்து மதகு வழியாக வரும் தண்ணீர் தெரியும். கப்பல்காரர் வீட்டு மருமகளுக்கு வானத்துப் பிறை தெரியும். கீழேயிருந்து வரும் கடல் தண்ணீர் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

நிலா மேலே வர வர ஆறும் மேலே வந்தது. முதலில் கல்படி மறைந்தது. பிறகு ஜமுக்காளம் நனைந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயலின்காரர், ஒல்லியான மனிதர், மேடைப் பலகைக்கு அடியில் தண்ணீர் சலசலப்பதைப் பார்த்துவிட்டுக் கால்களை மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, வில்லை நிறுத்தாமல் வாசித்தார். முன்வரிசைக்காரர்களும் அப்படியே கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. உங்கள் வாசலுக்குத் தினமும் வரும் பட்டினச்சேரி மீன்காரம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, "பவுர்ணமிக்கு ஓதம் ஏறும்னு எங்க ஊட்டு நண்டுக்குக்கூடத் தெரியும். படிச்சவங்க ரெண்டு பேரு சேந்து நாளு குறிச்சீங்களாக்கும்?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவித் தோளில் விழுந்ததுகூடத் தெரியவில்லை உங்களுக்கு.

வயலின்காரரின் மோதிரம் அன்றைக்குத் தண்ணீரில் விழுந்துவிட்டது. பச்சைக் கல் வைத்தது, அவர் குரு கொடுத்ததாம். மனிதர் வெறும் விரலைத் தடவிக்கொண்டே பஸ் ஏறினார். மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் நீங்களும் மீன்காரம்மாவும் சேற்றில் உட்கார்ந்து சல்லடை போட்டுச் சலித்து அதை எடுத்துவிட்டீர்கள். "தம்பி, இத நீயே கொண்டுபோயி அவரு கையில குடுத்துட்டு வா" என்றீர்கள். அன்றைக்குத்தான் 'வாங்க' போய் 'வா' வந்தது, நானும் 'அக்கா'வை விட்டு உங்கள் வீட்டுப் பேச்சில் 'லாத்தா' என்றேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே போனேன்.

அந்தக் கூத்துக்குப் பிறகு மேடையைத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னது நான். தரையிலிருந்து ஐந்து படி உயரம், தலைக்கு மேல் ஓட்டுச் சரிவு, மழைக்கும் ஓதத்துக்கும் பயம் இல்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆரம்பித்தால் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நேரத்தை நீங்கள் வகுத்தீர்கள். ஜனங்கள் புல்வெளியில் வீட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். "யோசனை யாருடையது தெரியுமா?" என்று மைக்கிலேயே நான் கேட்டுக்கொண்ட வருஷங்கள் உண்டு. நீங்கள் முன்வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பீர்கள்.

பிறகு உங்கள் முட்டி தேய்ந்தது. அந்த வளைந்த மரப்படிக்கட்டில் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழேயே ஓர் அறையில் இருந்துவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். கீழ் அறைகளில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "கீழ ஊருக்கு. மேல எனக்கு" என்று ஒரே போடாகப் போட்டீர்கள். சரி, கச்சேரிக்கு மட்டுமாவது நாற்காலியோடு தூக்கி இறக்கிவிடுகிறோம், நாலு பேர் போதும் என்றேன். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நாலு பேரு தூக்குற நாளு ஒண்ணு எனக்கும் இருக்கு. அதுக்கு முன்னாடி எவனும் என்னத் தூக்க வேணாம்." 

அப்படித்தான் இந்தக் கூடை வந்தது. மேல்மாடிச் சன்னலிலிருந்து நீங்கள் விட, ஓட்டுச் சரிவில் சரசரவென்று சறுக்கி வந்து, விளிம்பைத் தாண்டி மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொங்கும். உள்ளே தினசரிக் காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு இருக்கும். "மூணாவது வரிசையில பச்சப் பொடவ தூங்கி விழுது. டீ அனுப்பு." "அந்தப் பக்கத்து நாற்காலிக்கெல்லாம் கண்ணுல வெயிலு. திருப்பிப் போடு." "தபேலாக்காரரு சாப்பிட்டாரா? அடியில சுரத்தே இல்ல." எனக்கு வந்தவை பெரும்பாலும் ஒரே வகை: "போதும். முடி." நான் பேசிக்கொண்டிருக்கையில் ஓட்டில் சரசரப்புக் கேட்டால் ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். படித்தேன், செய்கிறேன் என்பதற்குக் கயிற்றை இரண்டு முறை இழுக்க வேண்டும். அதுதான் நமக்குள் பேச்சு. இழுத்ததும் கூடை மேலே போய்விடும்.

ஒவ்வொரு கச்சேரிக்கும் மறுநாள் காலையில் நான் மேலே வருவேன். இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் வரும். உங்கள் கேள்விகளும் வரும். பாடின அம்மா என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தார்? தாளம் போடும்போது தொடையில் தட்டினாரா, விரலை மடக்கினாரா? மிருதங்கக்காரர் சிரித்தாரா? நான் அசிரத்தையாகத்தான் பதில் சொல்வேன். "மேலேருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க லாத்தா, என்ன எதுக்குக் கேக்குறீங்க?" என்றால், "ஒன் கண்ணால பாத்ததச் சொல்லு, கேப்போம்" என்பீர்கள். புடவை நிறம் எனக்குத் தெரிந்திருக்காது. சிவப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வீர்கள். வயதானவர்களுக்குப் பேச்சுத் துணை வேண்டும், அதற்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன் லாத்தா. அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கடைசித் தை மாதம் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதும் நீங்கள் யோசிக்கவே இல்லை. "அந்த வயலின்காரரு இருக்காரா பாரு. இருந்தா அவருதான்." இருந்தார். தள்ளாடித் தள்ளாடிக் காரிலிருந்து இறங்கினார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து வில்லை வைத்ததும் எண்பதை நெருங்கிய அந்த உடம்பு எங்கேயோ போய்விட்டது. புல்வெளியில் ஒரு தும்மல் இல்லை. நடுவில் இடைவேளை விட்டு, பொன்னாடை போர்த்தும் சடங்கு. சிறப்பு விருந்தினராக ஓர் அதிகாரி வந்திருந்தார். அவரை அறிமுகப்படுத்த எழுந்தேன். எனக்கோ வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதல் வருஷம், பேச இடம் கிடைக்காத ஏக்கம். ஆற்றில் ஆரம்பித்துக் கப்பலுக்கு வந்து, கப்பலிலிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்கு நான் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டில் சரசரப்புக் கேட்டது.

ஜனங்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சீட்டை எடுத்தேன், பிரிக்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. இருந்தாலும் இன்னும் இரண்டே நிமிடம்" என்றேன். பெரிய கைத்தட்டல். பழக்க தோஷத்தில் கை தானாகப் போய்க் கயிற்றை இரண்டு முறை இழுத்தது. கூடை மேலே போயிற்று. நான் பத்து நிமிடம் பேசினேன். பிறகு வயலின்காரர் கடைசியாக ஒன்று வாசித்தார். பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் எல்லாம் முடிந்து, ஜனங்கள் கலைந்து, அவரை நான் காரில் ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் காலை சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, "பையில ஏதோ சீட்டு கெடக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் பென்சில் எழுத்து. "தம்பி, நாலு பேர அனுப்பு. கடைசிப் பாட்டுக்காச்சும் நான் கீழ வரணும்."

வண்டியைக்கூட எடுக்கத் தோன்றாமல் தலத்தெருவிலிருந்து நடந்தே வந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது நாற்காலி. எப்போதும் சன்னலோரம் கிடக்கும் நாற்காலி படிக்கட்டின் தலைமாட்டில் இருந்தது. அதன் முதுகில் சந்தன நிறப் பட்டுப்புடவை ஒன்று மடித்துக் கிடந்தது. கட்டி அவிழ்த்த மடிப்பு. நான் சீட்டை நீட்டினேன். "அதுவா? ஏதோ தோணுச்சு, எழுதுனேன். விட்டுத் தள்ளு. அடுத்த தை வராமயா போயிடும்?" என்றீர்கள். நீங்கள் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தேநீர் வந்தது. வழக்கம்போலக் கேள்வியும் வந்தது. "அவரு கையில அந்தப் பச்சக்கல்லு மோதரம் இருந்துச்சா? கண்ண மூடிக்கிட்டு வாசிச்சாரா, தொறந்துக்கிட்டா?"

நான் கவனிக்கவில்லை, லாத்தா. அன்றைக்கு என்னால் சிவப்பு, பச்சை என்று எதையாவது சொல்லவும் முடியவில்லை. "தெரியல" என்றேன். "சரி போ" என்றீர்கள்.

அடுத்த தை எனக்கு வந்தது. உங்களுக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று செய்தி வந்தது. அந்த வளைந்த படிக்கட்டில் உங்களைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் திருப்ப முடியாமல் உங்கள் சொந்தக்காரப் பையன்கள் திணறினார்கள். நான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன். உங்கள் தங்கை மகன்தான், "மாமா, நீங்க அந்தக் கால் பக்கம் புடிங்க" என்றான். நாலு பேரில் ஒருவனாகப் பிடித்தேன். உங்களைக் கீழே இறக்கினேன். ஒன்பது மாதம் தாமதமாக.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். நான்கு நாட்களுக்கு முன்பு, கூடை வந்த அன்றே, உங்கள் அறைக்குப் போனேன். தங்கை மகன் சன்னல் கதவைத் திறந்துவிட்டான். நாற்காலி பழைய இடத்தில், சன்னலோரமாகக் கிடந்தது. அதில் உட்காரச் சொன்னான். கூச்சத்தோடு உட்கார்ந்தேன். அவன் ஒரு கேள்வி கேட்டான், குழந்தை கேட்பது மாதிரி. "மாமா, பெரிம்மா இங்கேருந்துதான் கச்சேரி பாத்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே. இங்கேருந்து எதப் பாத்தாங்க? வெறும் ஓடுதானே தெரியுது?"

பார்த்தேன். சன்னலுக்குக் கீழே ஓட்டுச் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் புல்வெளி, அதற்கப்பால் ஆறு. தாழ்வாரம் அந்த ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. மேடை ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் மேடையின் ஒரு பலகைகூடத் தெரியவில்லை. அந்த ஓட்டை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதில் காக்கை உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கூடை அதில் சறுக்கி வரும் சத்தத்தை அத்தனை வருஷம் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் மாடியை விட்டு இறங்காமல் இருந்த நாளிலிருந்து பாடியவர் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. பச்சைப் புடவை தூங்கி விழுந்தது உங்களுக்குத் தெரிந்தது. மேடையில் இருந்த புடவையின் நிறம் தெரியவில்லை. தபேலாக்காரர் பட்டினி என்பதை அடியை வைத்தே கண்டுபிடித்தீர்கள். மிச்சத்தை எல்லாம் மறுநாள் காலையில் என் கண்ணிலிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தீர்கள். நான் சிவப்பு என்றேன்.

மேடையை அங்கே மாற்றியவன் நான்தானே. "பழைய எடத்துக்கே கொண்டு போ, எனக்குத் தெரியல" என்று ஒரு சீட்டு எழுதியிருக்கக் கூடாதா? எனக்குக் கோபமே வந்தது உங்கள் மேல். சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேலைக்கு வந்த ஆட்கள் ஓடு அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தங்கை மகன் கீழே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

அன்று மாலையே அவனிடம் சொல்லிவிட்டேன். வருகிற தையில் மேடை ஆற்றங்கரையில்தான், வீட்டைப் பார்த்து. மேல்மாடிச் சன்னல் திறந்திருக்க வேண்டும். அவனுக்குச் சம்மதம். நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. மீன்காரம்மாவைத் தேடிப் பட்டினச்சேரிக்கே போனேன். இப்போது கூடை சுமப்பதில்லை, மகன் வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வலையைக் கீழே வைத்துவிட்டு, "அட்டமி பாத்து வையிங்க. தண்ணி செத்துக் கெடக்கும். நானும் வர்றேன்" என்றார்.

நேற்று வயலின்காரரைப் பார்க்கப் போனேன். அதே ஊர், முன்பு மோதிரத்தோடு பஸ்ஸில் போன அதே வழி. இப்போது கச்சேரிக்கெல்லாம் போவதில்லை. காது மந்தம். உங்கள் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கடைசித் தடவ வந்தப்ப முன் வரிசையில தேடுனேன். இல்ல. ஒடம்புக்கு முடியலியோன்னு நெனச்சேன். வரலியா அவங்க?" என்று கேட்டார். மேலேயிருந்து கேட்டார்கள் ஐயா என்றேன். காதில் விழவில்லை, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "கேட்டாங்கல்ல?" என்றார். அப்புறம் மருமகளிடம் வயலின் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை, லாத்தா. அவராகவே வாசித்தார். வில் நடுங்கியது. என் வாழ்நாளில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கச்சேரியைப் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதே காலண்டர் தாளின் முதுகில் உங்களுக்கு ஒரு சீட்டு எழுதிவிட்டேன். பென்சிலால்தான், கூடையில் கிடந்த உங்கள் பென்சிலால். இனி எந்தச் சீட்டு வந்தாலும், பஸ் டிக்கெட்டானாலும், படிக்காமல் நான் பையில் வைப்பதில்லை. இந்தச் சீட்டை மடித்துக் கூடைக்குள் வைத்திருக்கிறேன். தை அட்டமியில் இந்தக் கூடையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் சன்னல் கொக்கியிலேயே மாட்டப்போகிறேன். நீளமாக இல்லை, நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில்:

மோதிரம் இருக்கிறது. வலது கை, வில் பிடிக்கிற கை. பச்சைக் கல்லின் ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. விரல் இளைத்துவிட்டதால் நூல் சுற்றிப் போட்டிருக்கிறார். வெள்ளை வேட்டி, காவி நிறத் துண்டு. ஆரம்பிக்கும்போது கண் திறந்திருந்தது. பாதியில் மூடிக்கொண்டார். கால்களை மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டுதான் வாசித்தார், அன்றைக்குத் தண்ணீருக்காக வைத்துக்கொண்டாரே, அதே மாதிரி.